அண்மை என்னும் இடர்: சுவட்டலைச் சறுக்கின் இயற்பியலும் ஊறுகளும்

நீரைக் கிழித்துச் செல்லும் கலம் தன் பின்னே விட்டுச் செல்லும் அலைத்தடத்தைச் சுவடு என்றும், அச்சுவட்டில் நிமிர்ந்தெழும் அலையைச் சுவட்டலை என்றும், அவ்வலையின் சரிவில் கயிற்றுப் பற்றின்றி ஒரு பலகைமேல் நின்று, படகின் விரைவிலேயே அதனைத் தொடர்ந்து செல்லும் ஆடலைச் சுவட்டலைச் சறுக்கு என்றும் இக்கட்டுரை வழங்கும். வேக்சர்ஃபிங் என்னும் பெயரால் அமெரிக்க ஏரிகளில் அறியப்படுவது இவ்வாடலே. பின்னலை என்னும் சொல்தான் முதலில் என் எழுதுகோலில் வந்து நின்றது. ஆயினும், இரண்டாம் வேற்றுமை ஏற்ற கூந்தற் பின்னலாக அது படிப்போர் கண்ணுக்குத் தோன்றிவிடும் என்பதால் அதனை நீக்கினேன். நிலத்தில் நடந்தவர் விட்டது அடிச்சுவடு எனின், நீரில் சென்ற கலம் விட்டதைச் சுவடு என்பதில் தவறொன்றும் இல்லை. படகின் முன்முனைக்கு அணியம் என்றும் பின்முனைக்கு அமரம் என்றும் நம் நெய்தல் நிலத்தார் பெயரிட்டு வைத்திருப்பதால், அவ்விடத்தில் புதுச்சொல் தேடும் உழைப்பு எனக்கு மிச்சமாயிற்று. சுக்கான் அரபுக் கடலோடிகள் தந்த கொடை. தமிழ்த் துறைமுகங்கள் அதனைத் தம் பிள்ளையாகவே வளர்த்துவிட்டமையால் நானும் அதனை வெளியேற்ற முயலவில்லை.

படகு இழுக்க நீர்மேல் சறுக்கும் ஆடல்கள் பலவற்றுள் நமக்கு ஈண்டு வேண்டுவன மூன்று. முதலாவது நீர்ச்சறுக்கு. 1922-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மின்னசோட்டா மாநிலத்தில் மிசிசிப்பி ஆறு அகன்று ஏரியாகும் பெப்பின் ஏரியில், பதினெட்டு அகவை இளைஞரான இரால்பு சாமுவேல்சன் இரு மரப்பலகைகளின் நுனியை வெந்நீரில் பதப்படுத்தி வளைத்து, அவற்றின்மேல் நின்று படகின் பின்னே சென்றார். நீர்ச்சறுக்கின் பிறப்பு அதுவே எனக் கொள்ளப்படுகிறது. இன்று அவ்வாடலில் படகு மணிக்கு 45 முதல் 58 கிலோமீட்டர் விரைவில் ஓடும். ஆடுபவருக்கும் படகிற்கும் இடையே ஏறத்தாழ 23 மீட்டர் நீளக் கயிறு நிற்கும். இரண்டாவது, இரு கால்களையும் ஒரே பலகையில் பிணைத்துக்கொண்டு சுவட்டைத் தாண்டிப் பாயும் கட்டுப்பலகைச் சறுக்கு. அதன் விரைவு மணிக்கு 30 முதல் 38 கிலோமீட்டர். கயிறு சற்றே குறுகும். மூன்றாவது நம் சுவட்டலைச் சறுக்கு. இதில் விரைவு மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் மட்டுமே. நீரினின்று எழுந்து நிற்பதற்கு 6 மீட்டர் அளவிலான குறுங்கயிறு உதவுகிறது. நின்றபின் ஆடுபவர் அதனைப் படகினுள் எறிந்துவிட்டு, அமரத்திலிருந்து ஓரிரு ஆள் நீளத் தொலைவில் அலையொன்றையே பற்றாகக் கொண்டு செல்கிறார்.

இம்மூன்றையும் வரிசைப்படுத்தி நோக்குவார்க்கு ஓர் ஒழுங்கு புலப்படும். விரைவு குறையக் குறையக் கயிறும் குறைகிறது. கயிறு அற்றுப்போகும் இடத்தில் ஆடுபவரும் படகும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கின்றனர். ஆதலின் படகின் பின் செல்வார்க்கு நேரும் இடர்களை விரைவின் இடர், அண்மையின் இடர் என இரண்டாகப் பகுக்கலாம். முன்னது நீர்ச்சறுக்கில் ஓங்கி நிற்பது. பின்னது சுவட்டலைச் சறுக்கில் ஓங்கி நிற்பது. விரைவைக் கண்டு அஞ்சும் இயல்பு மாந்தர்க்கு உண்டு. அண்மையைக் கண்டு அஞ்சும் இயல்பு நமக்கு இல்லை. தாயின் மடியிலிருந்தே அண்மையைக் காப்பாகக் கருதிப் பழகியவர்கள் நாம். மெல்லச் செல்லும் இவ்வாடலைத் தீங்கற்றது என எண்ணிக் குழந்தைகளையும் முதியோரையும் அமரத்தருகே இறக்கிவிடும் துணிவு இப்பழக்கத்திலிருந்தே பிறக்கிறது.

விரைவைப் பொறுத்தமட்டில் அத்துணிவு பிழையானதும் அன்று. இயங்கும் பொருளின் இயக்காற்றல் அதன் விரைவின் இருபடிக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 18, 36, 54 கிலோமீட்டர் என்னும் மூன்று விரைவுகளை எடுத்துக்கொண்டால், அவற்றின் ஆற்றல் ஒன்றுக்கு நான்குக்கு ஒன்பது என்னும் அளவில் நிற்கும். இதனையே உயரமாக மாற்றிக் கூறினால் இன்னும் தெளிவாகும். மணிக்கு 18 கிலோமீட்டர் விரைவில் செல்பவரின் ஆற்றல், ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவரின் ஆற்றலுக்கு நிகர். 36 கிலோமீட்டர் என்பது 5 மீட்டருக்கு நிகர். 54 கிலோமீட்டர் என்பது 11 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திற்கு, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் கூரைக்கு நிகர். நீர்ச்சறுக்கில் வீழ்ந்தவரின் தொடையும் தோளும் முறுக்குண்டு நார்கள் கிழிவதும், கட்டுப்பலகைச் சறுக்கில் வீழ்ந்தவரின் தலையும் முகமும் அடிபடுவதும் இக்கணக்கின் விளைவுகள். சுவட்டலையில் வீழ்பவரோ தாழ்ந்த மதிலொன்றிலிருந்து குளத்தில் குதித்த சிறுவரைப்போல் சிரித்துக்கொண்டே எழுவது பெரும்பாலும் இயல்பு.

அண்மையின் இடரை உணர, அவ்வலை எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஆழ்நீரில் ஓடும் அலையின் விரைவு அதன் நீளத்தால் வரையறுக்கப்படுவது. நீண்ட அலை விரைந்தோடும், குறுகிய அலை மெல்லச் செல்லும். படகோடு ஒட்டிச் செல்ல வேண்டிய அலை படகின் விரைவையே கொண்டிருக்க வேண்டுமாதலின், நொடிக்கு 5 மீட்டர் செல்லும் படகு தனக்குப் பின்னே ஏறத்தாழ 16 மீட்டர் நீளமுள்ள அலையை எழுப்புகிறது. படகின் நீளமோ 7 மீட்டர் அளவே. எனவே அப்படகு தானே எழுப்பிய அலையின் சரிவில் அமர்ந்துகொள்கிறது: அணியம் முகட்டை நோக்கி ஏறுகிறது, அமரம் அகட்டினுள் தாழ்கிறது. இந்நிலையில் படகு மிதப்பதுமில்லை, நீர்மேல் வழுக்கிப் பாய்வதுமில்லை. இரண்டிற்கும் இடைப்பட்டதொரு மேட்டை ஏறிக்கொண்டே இருக்கிறது. கலங்களுக்கு நீர் தரும் தடையைச் சிற்றுருப் படகுகளை இழுத்து அளந்து நெறிப்படுத்திய ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் புரூடு, 19-ஆம் நூற்றாண்டிலேயே படகின் விரைவுக்கும் நீளத்திற்கும் உள்ள இவ்வுறவை வகுத்துவிட்டார். பொறியாளர் பிறரெல்லாம் எரிபொருளை விழுங்கும் இம்மேட்டை விரைந்து கடந்துவிடவே முயல்வர். சுவட்டலைப் படகை வடிப்பவர் மட்டுமே அங்கேயே குடியிருக்க விரும்புகின்றனர்.

சுவடு விரியும் கோணமும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது. ஆழ்நீரில் செல்லும் எந்தக் கலத்தின் சுவடும், அதன் செல்வழிக்கு இருபுறமும் 19 பாகையும் ஏறத்தாழ அரைப் பாகையும் விரிந்த ஆப்பு வடிவினுள் அடங்கும் என்று 1887-ஆம் ஆண்டில் கெல்வின் கணித்துக் காட்டினார். குளத்தில் நீந்தும் வாத்துக்கும் கடலில் செல்லும் கப்பலுக்கும் அவ்வாப்பு ஒன்றே. அதன் முனையில், கலத்தின் எடை நீரைத் தள்ளிய இடத்தில், அலை மிக உயர்ந்தும் செங்குத்தாகவும் நிற்கும். ஆடுபவருக்கு வேண்டுவது அவ்விடமே. அதனை இன்னும் உயர்த்துவதற்குப் படகினுள் நீர்ப்பைகளும் தொட்டிகளும் வைத்து ஒரு டன் முதல் இரண்டு டன் வரை அடிச்சுமை ஏற்றுகின்றனர். ஒரு கன மீட்டர் நீரே ஒரு டன் எடையுடையதாதலின், ஏரியே தன் எடையைக் கடனாகத் தந்து தன்மேல் எழும் அலையை வளர்க்கிறது எனலாம். சரிவில் நிற்பவர் நொடிதோறும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறார். அவர் இறங்கும் அளவுக்கு நீர் மேலெழுந்துகொண்டே இருப்பதால் அவருடைய இறக்கம் முடிவதே இல்லை.

இனி ஊறுகளுக்கு வருவோம். அவற்றுள் எண்ணிக்கையில் மிகுந்தவையும் கொடுமையில் குறைந்தவையும் பலகையால் வருவன. இவ்வாடலில் பலகையோடு காலைப் பிணைக்கும் கட்டு இல்லை. அதனால் முழங்காலின் இணைப்புநார்கள் பெரிதும் தப்புகின்றன. ஆனால் விடுபட்ட பலகை எப்புறமும் பாயும் உரிமை பெறுகிறது. நுரைப்பொருளால் ஆகிக் கண்ணாடியிழையும் பிசினும் போர்த்த அப்பலகை நீருள் அமிழ்ந்தால், அடக்கிய பந்து துள்ளுவதைப்போல் மேலெழும். அதன்மேல் தலை இருப்பின் தலையையும், விலா இருப்பின் விலாவையும் தாக்கும். அடிப்புறத்தில் நிற்கும் துடுப்பிதழ்கள் தோலைக் கிழிக்கும். வீழ்பவர் பலகைக்கு அப்பால், உடலைப் பரப்பி, தட்டையாக வீழ்ந்து, நீரினின்று எழும்போது கைகளால் தலையை மூடிக்கொண்டு எழுதல் வேண்டும் என்பது கடலலைச் சறுக்கிலிருந்து வந்த நன்னெறி. தலைகீழாய்ப் பாய்ந்து வீழ்தல் ஆழம் தெரியாத ஏரியில் கழுத்தெலும்பை முறித்து முதுகுத்தண்டின் நரம்புநாணைச் சிதைக்கக்கூடும். பின்காலில் எடையை ஊன்றித் திரும்புங்கால் கணுக்கால் பிறழ்வதும், பாய்ந்து தட்டையான நீரில் இறங்குங்கால் முழங்கால் அடியேற்பதும் தேர்ந்த ஆடுநர்க்கு உரிய ஊறுகள். காது நீர்ப்பரப்பில் அறைபட்டுச் செவிப்பறை கிழிதல் எவர்க்கும் நேரலாம்.

மூளையதிர்ச்சியைப் பற்றித் தனியே ஒரு சொல். தலைக்காப்பு மண்டையோட்டைக் காக்கும். மண்டையோட்டினுள் மூளை அசைவதை அது முற்றும் தடுக்காது. அடிபட்டவர் மயங்கி வீழ்ந்தால்தான் மூளையதிர்ச்சி என்று எண்ணுவது தவறு. தலைவலி, குழப்பம், ஒளிக்கூச்சம், கேட்டதையே மீண்டும் கேட்டல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது என்று கொள்ளல் வேண்டும். முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாம் அதிர்ச்சி வரின் அது பன்மடங்கு கொடியதாகலாம்.

கயிறு சிறியதாயினும் அதன் குறும்பு சிறியதன்று. எழுந்து நிற்கும் முதற் சில நொடிகளில் ஆடுபவரை இழுத்தெழுப்பும் விசை முழுவதையும் அது தாங்குகிறது. அப்போது அது விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றியிருந்தால், படகு தரும் விசை விரலின் தோலையும் தசையையும் உரித்தெடுக்கப் போதுமானது. கைப்பிடியின் வளையத்தினுள் கையை நுழைத்துக்கொள்வதும் கயிற்றைக் கழுத்தருகே தொங்கவிடுவதும் ஒருபோதும் ஆகாதவை. விட்டெறிந்த கயிறு நீரில் கிடப்பின் உந்துசுழலியில் சிக்கும். ஆகவே அதனை உடனே சுருட்டி உள்ளே வைப்பது படகில் இருப்போருள் ஒருவரின் முதற்கடமை.

உந்துசுழலியே அண்மையின் இடர்களுள் கண்ணுக்குத் தெரிவது. மூன்று இதழ்கள் கொண்ட சுழலி நிமிடத்திற்கு 3200 முறை சுழலுமாயின், ஒரு நொடியில் 160 முறை அதன் இதழ்கள் ஒரே இடத்தை வெட்டிச் செல்லும். வெளிப்பொறிப் படகுகளிலும் அமரத்துக்கு வெளியே இயக்கி தொங்கும் படகுகளிலும் இச்சுழலி பின்சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். சுவட்டலையின் சரிவில் சற்றே முன் சறுக்கிய ஆடுநரின் கால் அதனைத் தொட இரண்டு மீட்டரே போதும். ஆகவே அத்தகைய படகுகளின் பின்னே இவ்வாடல் அறவே கூடாது. சுழலி படகின் வயிற்றுக்கு அடியில் அமைந்து, சுக்கான் அதற்குப் பின்னே நிற்கும் உட்பொறிப் படகுகளே இதற்கு உரியவை. 2015-ஆம் ஆண்டளவில் வோல்வோ பென்டா நிறுவனம் சுழலிகளை முன்னோக்கித் திருப்பி, படகின் அடியில் ஒடுங்கச் செய்த இயக்கி ஒன்றை வெளியிட்டது. அதன் பின்னரே வெளியியக்கிப் படகுகளில் ஒரு சாரார்க்கு இவ்வாடலின் வாயில் திறந்தது. இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் நன்று. உட்பொறிப் படகின் சுழலி முன்செல்லும்போது மட்டுமே ஆடுநரிடமிருந்து மறைந்திருக்கிறது. வீழ்ந்தவரை ஏற்றிக்கொள்வதற்காக ஓட்டுநர் படகைப் பின்னோக்கிச் செலுத்துவாராயின் அம்மறைவு நீங்கி, நீரும் நீரில் உள்ளவரும் சுழலியை நோக்கி இழுக்கப்படுவர். நீரில் ஆள் இருக்கும்போது பின்செலுத்தம் இல்லை என்பதற்கு விலக்கே கிடையாது.

கண்ணுக்குத் தெரியாத இடர் ஒன்று உண்டு. அதன் பெயர் கரி ஓருயிரகை. ஒரு கரியணுவும் ஓர் உயிர்வளியணுவும் இணைந்த இவ்வளி, கன்னெய் என்னும் பெட்ரோல் முற்றும் எரியாதவிடத்துப் பிறப்பது. நிறமும் மணமும் சுவையும் அற்றது. காற்றை ஏறத்தாழ ஒத்த அடர்த்தியுடையதாதலின், மேலே எழுந்து அகலுவதுமில்லை, கீழே படிந்து அடங்குவதுமில்லை. பிறந்த இடத்திலேயே உலவுகிறது. சுவட்டலைப் படகின் புகைவாய் பெரும்பாலும் அமரத்தில், நீர்மட்டத்தை ஒட்டித் திறக்கிறது. காற்றைத் தள்ளிக்கொண்டு செல்லும் படகின் பின்சுவருக்கு அப்பால் அழுத்தம் குறைந்ததொரு வெற்றிடம் உருவாகி, அப்புகையைத் தன்னுள் இழுத்துச் சுழற்றி வைத்துக்கொள்கிறது. ஆடுநர் மூச்செடுப்பது அவ்வெற்றிடத்தின் விளிம்பில். 23 மீட்டர் கயிற்றின் முனையில் நிற்பவருக்கு இவ்விடரின் நிழலும் எட்டுவதில்லை.

குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் செந்நிறப் பொருளைக் குருதிவளிக்காவி என்பர். இக்காவி உயிர்வளியைக் காட்டிலும் கரி ஓருயிரகையை 200 மடங்குக்கும் மேலான விருப்போடு பற்றிக்கொள்கிறது. பிரெஞ்சு உடலியலார் கிளாடு பெர்னார்டு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்ட இவ்வுண்மையை, இசுகாட்லாந்து நாட்டவரான சான் ஆல்டேன் 1895-ஆம் ஆண்டில் தம் உடலையே ஆய்வுக்களமாக்கி அளந்து நிறுவினார். இதன் பொருளைக் கணக்கால் அறியலாம். காற்றில் உயிர்வளி நூற்றுக்கு 21 பங்கு உள்ளது; கரி ஓருயிரகை ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே கலந்தாலும், அதன் பற்றுவிசை இருநூறு மடங்காதலின், நெடும்பொழுது அதனை மூச்சிழுப்பவரின் காவியில் ஏறத்தாழப் பாதியை அது கைப்பற்றிவிடும். எஞ்சிய பாதியும் தான் சுமக்கும் உயிர்வளியை உடலுக்கு விட்டுக்கொடுக்காமல் இறுகப் பிடித்துக்கொள்ளும். பத்து நூறாயிரத்தில் 1200 பங்கு என்பது உயிருக்கு உடனடி இடர் விளைக்கும் அளவு என அமெரிக்க நாட்டுத் தொழிற்காப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் வரையறுத்துள்ளது.

இந்நஞ்சின் தொடக்கக் குறிகள் தலைவலியும் கிறுகிறுப்பும் குமட்டலும். வெயிலில் நெடுநேரம் படகில் இருந்தவர் எவருக்கும் இவை தோன்றக்கூடுமாதலின், வெயில் தாக்கம் என்றோ அலைக்குமட்டல் என்றோ அவற்றைக் கடந்து செல்வது எளிது. அடுத்த படி மயக்கம். நிலத்தில் மயங்கியவர் தரையில் கிடப்பார். நீரில் மயங்கியவர் மூழ்குவார். பார்த்தவர் அதனை நீரில் மூழ்கிய இறப்பு என்றே எழுதிவைப்பர். இம்மறைவை அமெரிக்க நாடு அறிந்துகொண்ட இடம் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் கிளென் கேனியன் அணை தேக்கிய பவல் ஏரி. 2000-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே வீட்டுப்படகு ஒன்றின் அமரத்தட்டுக்கு அருகே நீந்திய உடன்பிறந்த சிறுவர் இருவர் இறந்தனர். படகின் மின்னாக்கி உமிழ்ந்த புகை அத்தட்டின் அடியிலிருந்த குழிவில் தேங்கியிருந்தது. அதன்பின் நிகழ்ந்த ஆய்வுகள், பழைய மூழ்கல்கள் பலவற்றின் பின்னேயும் இதே வளி நின்றதை வெளிக்கொணர்ந்தன.

அமரத்தட்டைக் கைகளால் பற்றிக்கொண்டு சுவட்டில் இழுபட்டுச் செல்லும் ஒரு பழைய விளையாட்டு இவ்விடரின் உச்சம். அதற்கு ஆங்கிலத்தில் டீக் சர்ஃபிங் என்று பெயர். அமரத்தட்டுகள் தேக்கு மரத்தால் ஆனமையால் வந்த பெயர் அது. டீக் என்னும் அச்சொல், தமிழும் மலையாளமும் வழங்கிய தேக்கு, போர்த்துக்கீசர் நாவழியே ஐரோப்பாவுக்குச் சென்று திரிந்தது. நம் மரத்தின் பெயர் ஓர் அயல்நாட்டுத் தடைச்சட்டத்தின் வரிக்குள் சென்று அமர்ந்ததில் பெருமைப்பட ஏதுமில்லை. ஆயினும் சொற்கள் எவ்வளவு தொலைவு மிதந்து செல்கின்றன என்பதை எண்ணாமல் இருக்க முடியவில்லை. கலிபோர்னியா 2005-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் இவ்விளையாட்டைச் சட்டத்தால் தடுத்தது. வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. படகுகளின் உட்பொறிகள் விடும் கழிபுகைக்கு அமெரிக்க அரசு வகுத்த கட்டுப்பாடு 2010-ஆம் ஆண்டின் பொறிகள் முதல் நடைமுறைக்கு வந்து, புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிகளைப் பரவச் செய்தது. புகையை நீருக்கடியில் ஆழ்த்தி வெளிவிடும் குழாய்களும் உள்ளன. எனினும் பழைய படகுகள் இன்னும் ஓடுகின்றன. வினையூக்கியும் தண்ணென்ற பொறியில் தன் வேலையைத் தொடங்குவதில்லை. அமரத்தட்டின்மேல் ஆளை அமர்த்திப் பொறியை ஓடவிடுதல் எந்தப் படகிலும் தகாது.

நஞ்சேறியவருக்குச் செய்ய வேண்டியது தூய காற்றுக்குக் கொண்டுசெல்லலும் உயிர்வளி தரலும் ஆகும். பொதுக்காற்றை மூச்சிழுப்பவரின் குருதியில் இவ்வளி பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். தூய உயிர்வளி தரப்பட்டால் அது ஒன்றரை மணி அளவாகச் சுருங்கும். விரல்நுனியில் மாட்டி உயிர்வளியை அளக்கும் சிறுகருவி இங்கே நம்மை ஏமாற்றும். கரி ஓருயிரகை ஏறிய காவியும் செந்நிறமாகவே இருப்பதால், அக்கருவி நிறைவான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, நோயாளி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பார்.

படகினுள் இருப்பார்க்கும் இடர் உண்டு. அமரம் தாழ அணியம் உயர்ந்து நிற்பதால் ஓட்டுநரின் முன்பார்வை மறைகிறது. அவருடைய கருத்தோ பின்னே ஆடுபவர்மேல் இருக்கிறது. முன்னே ஒரு நீச்சலர், ஒரு துடுப்புப்படகு, ஒரு மிதவை இருப்பின் அவர் காண்பது காலங்கடந்ததாகும். இதனாலேயே ஆடுபவரைக் காண்பதற்கென நோக்கர் ஒருவர் தனியே இருத்தல் வேண்டும் எனப் பல மாநிலச் சட்டங்கள் கேட்கின்றன. நோக்கர் இருக்கும் படகின் ஓட்டுநர் முன்னோக்குவதே முறை. அடிச்சுமையைப் பற்றியும் பலர் ஒரு கணக்கை மறந்துவிடுகின்றனர்: படகின் தாங்குதிறன் எனத் தகட்டில் பொறித்த எடையினுள் அந்நீரும் அடங்கும். இரண்டு டன் நீரை ஏற்றியபின் பத்துப் பேரையும் ஏற்றினால், தன் சுவட்டையே எதிர்கொண்டு திரும்பும் படகின் திறந்த அணியத்தில் ஏறும் ஓர் அலையே அதனை மூழ்கடிக்கப் போதும். நீர்மட்டத்திலிருந்து விளிம்பு வரையுள்ள உயரமே படகின் உயிர். அதனைத் தின்றுகொண்டுதான் அலை வளர்கிறது.

அலை ஆடுநருக்குப் பின்னும் ஓடுகிறது. அதன் ஆற்றல் உயரத்தின் இருபடிக்கு ஏற்றதாதலின், இருமடங்கு உயர்ந்த அலை நான்மடங்கு ஆற்றலைக் கரைக்குக் கொண்டுசெல்லும். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஆன்டனி அருவி ஆய்வகம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவீட்டின்படி, பொதுவான படகுகள் 200 அடித் தொலைவில் தரும் அலையளவுக்குச் சுவட்டலைப் படகின் அலை தணிவதற்கு 500 அடிக்கும் மேற்பட்ட தொலைவு வேண்டும். நீர்ச்சறுக்கு பிறந்த மாநிலமே அதன் இளைய உடன்பிறப்பை அளந்து பார்த்தது பொருத்தமானதே. வெர்மாண்ட் மாநிலம் 2024-ஆம் ஆண்டில், கரையிலிருந்து 500 அடி அகன்றும், 20 அடிக்குக் குறையாத ஆழத்தோடும், 50 ஏக்கருக்குக் குறையாத தொடர்பரப்போடும் உள்ள நீரில் மட்டுமே இவ்வாடலுக்கு ஒப்புதல் அளித்தது. கரையோர மண்ணையும் ஏரியடிச் சேற்றையும் காக்க எழுந்த நெறியாயினும், வீழ்பவரின் கழுத்தெலும்பையும், இறங்குதுறையில் கால் நனைத்து அமர்ந்திருக்கும் குழந்தையையும், சிறுபடகில் தூண்டிலிடும் முதியவரையும் அதே எண்கள் காக்கின்றன.

மிதவையுடை பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. நீரில் இறங்கும் ஒவ்வொருவரும் அணிய வேண்டியது அது. போட்டிகளில் அணியும் மெல்லிய உடைகள் பலவற்றுக்கு, மயங்கியவரின் முகத்தை நீருக்கு மேல் நிறுத்தும் ஆற்றல் இல்லை என்பதை மட்டும் நினைவில் கொள்க. ஓட்டுநருக்கு ஒரு வடம் உண்டு: அவர் படகிலிருந்து வீழ்ந்தால் பொறியைத் தானே நிறுத்தும் துண்டிப்பு வடம். 26 அடிக்குக் குறைந்த படகுகளில் அதனைப் பயன்படுத்த வேண்டும் என்னும் அமெரிக்கச் சட்டம் 2021-ஆம் ஆண்டு ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநரின்றி வட்டமிடும் படகு, தன் நடுவே நீந்துபவரை மீண்டும் மீண்டும் தேடி வரும் என்பதே அச்சட்டத்தின் பின்னுள்ள பட்டறிவு.

ஆடுபவர் வீழ்ந்தபின் நிகழ வேண்டியவற்றின் வரிசை இது. வீழ்ந்தார் என நோக்கர் உரக்கக் கூறுகிறார். ஓட்டுநர் விரைவைத் தணிக்கிறார்; ஆயினும் பதறி நிறுத்துவதில்லை, ஏனெனில் தன் சுவட்டலையே பின்வந்து அமரத்தின்மேல் ஏறக்கூடும். வீழ்ந்தவர் தலையை மூடிய கைகளோடு மேலெழுந்து, பலகையைத் தேடுமுன் இரு கைகளையும் தலைக்கு மேல் கோத்துக் காட்டுகிறார். நலமாக உள்ளேன் என்பது அதன் பொருள். அக்குறி வராவிடின், வரும் வரை படகில் உள்ள எவரும் வேறொன்றும் பார்ப்பதில்லை. சுக்கான் மெல்லத் திரும்புகிறது. நீரில் உள்ளவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும் பக்கமாகவே படகு அணுகுகிறது. சில மீட்டர் முன்னரே பொறி அணைக்கப்படுகிறது. பொறி நின்ற பின்னும் சுழலி சிறிது நேரம் சுழலக்கூடுமாதலின், ஏணி உடனே இறங்குவதில்லை. அமரத்தின் நீர் அமைதியாகிறது, புகை கலைகிறது, பிறகு ஏணி இறங்குகிறது.